தூங்குகிற நாயை அளந்து வாங்கிய படகு

என் நாய் அந்தத் தெர்மாகோல் மிதவையின் மேல் ஏறி நின்ற நொடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பெரிய மழை விட்ட மறுநாள் அது. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல்தானே. நானும் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நாயை உட்கார வைத்துக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போயிருந்தேன். ஆறுகள் சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓட்டம் அடங்கிய தேக்கத்தில், ஒருவர் தெர்மாகோல் அட்டைகளைக் கயிற்றால் கட்டி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நாய் அவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் தண்ணீரில் குதித்து, நேராக நீந்திப் போய், முன்னங்கால்களைத் தூக்கி வைத்து ஏறியே விட்டது.

"இன்னாமா இது! உன் ஆளு டிக்கெட் எடுக்காம ஏறிகிச்சு!" என்று கத்தினார் அவர்.

"பயப்படாதீங்கண்ணா, கடிக்காது. கூப்பிட்டா வந்துடும்!"

"எங்க வருது? நீயும்தான் கூவிக்கினு இருக்கிற. இது இறங்கற மாதிரி தெரியல. நானே இறங்கி வழி விடணும்போல இருக்குது."

நாய் இறங்கவில்லை. மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, காதுகள் பின்னால் பறக்க, வாகனத்தின் மேல் புறப்பாடு வருகிற சாமி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கரையில் விட்டார். கரைக்கு வந்த பிறகும் அது திரும்பித் திரும்பி மிதவையைப் பார்த்தது.

இவ்வளவு ஆசைப்படுகிற ஒரு ஜீவனை வைத்துக்கொண்டு நான் ஏன் கரையில் நிற்கிறேன்? ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு படகு. நான் துடுப்புப் போட, அது முன்னால் உட்கார. வேறு யாரும் வேண்டாம்.

நான் அப்படித்தான். யோசனை வந்தால் அன்று ராத்திரிக்குள் அதில் பாதி பண்டிதராகிவிட வேண்டும் எனக்கு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அம்மாவின் தறி ஓடுகிற அறையில்தான் என் மேஜையும். ஒரு பக்கம் அலுவலக மீட்டிங், இன்னொரு ஜன்னலில் படகு வீடியோ. கயாக் என்றால் மேல்பக்கம் மூடியிருக்கும், ஆள் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்கார வேண்டும், நாய்க்கு இடமில்லை. காற்றடைத்த ரப்பர் படகு மலிவு, ஆனால் நாய் நகம் பட்டால் கதை முடிந்தது. ஆகவே கனூ: இரண்டு முனையும் கூர்ந்து, மேலே திறந்து, நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பால் ஓட்டுகிற படகு. அந்த வார்த்தையை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"கனூவா? போன வருசம் கேமரா. அதுக்கு முன்ன தேனீ. தேனீ வளக்கறேன்னு நீ பொட்டி வாங்கின, கொட்டு வாங்கினது நானு" என்றார் அம்மா, தறியின் நூல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே.

"இது கொட்டாதுமா."

"கவுராதா?"

"அதெல்லாம் படிச்சிட்டுத்தான் வாங்குவேன்."

படித்தேன். உண்மையாகவே படித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. நாயோடு போகிறவர்கள் அகலமான, தட்டையான அடிப்பாகம் உள்ள படகைத்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். குறுகலான படகு அம்பு மாதிரி போகும், தனி ஆளுக்குத் துடுப்பு இரண்டு பக்கமும் எட்டும், தூக்கவும் லேசு; ஆனால் நாய் எழுந்து திரும்பினால் படகும் திரும்பும் என்று எச்சரித்திருந்தார்கள். நான் வீடியோவில் துள்ளிக்கொண்டிருந்த அந்த நாய்களைப் பார்த்தேன். பிறகு என் காலடியில் கிடந்த என் நாயைப் பார்த்தேன்.

ஏனாத்தூரில் படிக்கும்போது காலேஜ் கேன்டீன் பின்னால் கிடைத்த குட்டி அது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. வந்த நாள் முதல் அதன் இடம் தறிக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரைதான். அம்மா தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க, பலகை வந்து வந்து ஊடை நூலை அடிக்க, அந்த டக், டக் சத்தத்தில் யார் வீட்டு நாயும் எழுந்து ஓடிவிடும். இது சுருண்டு படுத்துக் குறட்டை விடும். மின்சாரம் போனாலும் சரி, வாசலில் மேளம் போனாலும் சரி, தறி ஓடுகிற வரை அசையாது. இப்படி ஒரு நாய்க்கு எதற்கு அகலமான படகு?

ஒரு நாள் அது அப்படிச் சுருண்டு தூங்கும்போது, தையல் சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றித் தரையில் கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு வெளியே படகின் வடிவத்தையும் வரைந்து, பின்னால் நான் உட்கார்ந்து, விளக்குமாற்றைத் துடுப்பாகப் போட்டுப் பார்த்தேன். இடது, வலது, இடது. கச்சிதமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில் என் ஆசைகளைச் சுமந்துகொண்டு வருகிற வேலை எப்போதும் அவனுக்குத்தான்.

"இன்னாடி, கொலை கேசு மாதிரி கோடு போட்டு வெச்சிருக்கிற? நாயி உயிரோடதான இருக்குது?"

"அளவு எடுக்கறேன்ணா. நீ ஞாயித்துக்கிழமை சென்னைக்கு லோடு போறேன்னு சொன்ன இல்ல? வரும்போது காலியாதான வருவ?"

"ஆ... வந்துட்டா பாரு. காலியா வரதே ஒரு சுகம்டி. அது உனக்குப் பொறுக்காது."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். கடற்கரைச் சாலையில் ஒருவர் தண்ணீர் விளையாட்டு இடம் நடத்திவிட்டு மூடியிருந்தார். அவரிடம் விற்காமல் நின்றவை இரண்டு கனூ. ஒன்று பச்சை. அகலமாக, அடி தட்டையாக, ஓரமெல்லாம் கீறலாக, கல்யாண மண்டபத்தில் சாம்பார் கொட்டி வைக்கிற அண்டா மாதிரி இருந்தது. இன்னொன்று சிவப்பு. ஒல்லியாக, பளபளவென்று, இரண்டு முனையும் லேசாக மேலே வளைந்து. பட்டு நெய்கிற எங்கள் ஊரில் வளர்ந்தவளுக்கு அந்தச் சிவப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. முகூர்த்தச் சேலைக்கு உடம்பு நெய்கிற அதே அரக்கு.

"நாயோடவா?" என்று கேட்டார் விற்பவர். "நாய் சும்மா இருக்குமா மேடம்?"

"தறி பக்கத்துலயே தூங்கற நாய் சார்."

அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. "அப்படின்னா சரி. உங்க ஒருத்தருக்கு ரெட்டுதான் ஈஸி" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் பச்சைப் படகின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"இது நல்லா உக்காந்துக்கினு இருக்குதுமா."

"அது ஏரிக்கு இல்லண்ணா, எருமை குளிப்பாட்டறதுக்கு."

நானே சிரித்தேன் அந்த ஜோக்குக்கு. சிவப்பை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அமாவாசையன்று தறி ஓடாது. நெசவு செய்கிற எல்லா வீட்டிலும் அன்று லீவு. அம்மாவுக்கு ஓய்வு, அண்ணனும் வண்டி எடுக்க மாட்டான். ஆகவே எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எங்காவது போவதென்றால் அந்த நாள்தான். நான் வேறு எந்த நாளையும் யோசிக்கவே இல்லை. லீவு போட்டேன், அம்மா புளிசாதம் கட்டினார், நாய்க்கு ஒரு மிதவைச் சட்டையும் தயாராக இருந்தது. கடையில் வாங்கியதன் மேல் அம்மா கெட்டியான நாடாத் துணியில் ஒரு கைப்பிடி வைத்து, மூன்று வரிசைத் தையல் போட்டிருந்தார். "தூக்கறதுக்கு ஒரு பிடி வேணும்ல?" என்றார். அன்றைக்கு எங்களில் யாராவது சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

காலையிலிருந்தே நாய் நிலையில்லாமல் இருந்தது. அறைக்குள் போகும், வரும், தறிக்குப் பக்கத்தில் போய் நிற்கும், என் பின்னாலேயே சுற்றும். "அவனுக்கும் போறோம்னு தெரிஞ்சிருக்குது" என்றேன். எல்லாவற்றையும் என் ஆசைக்குச் சாதகமாகவே படித்துக்கொண்டிருந்தேன்.

ஐயம்பேட்டையைத் தாண்டிப் போனால் வருகிற ஏரி அது. கரை வரை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கரையோரம் இடுப்பளவுதான் ஆழம், அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நானும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டேன். படகைத் தண்ணீரில் வைத்ததும் நாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஏறுவதற்கு முன் அது ஏறிவிட்டது. நான் துடுப்பைப் போட ஆரம்பித்தேன்.

இடது, வலது, இடது, வலது. துடுப்பின் தண்டு படகின் விளிம்பில் ஒவ்வொரு தடவையும் லேசாகத் தட்டியது. டக். டக். நாய் இரண்டு முறை கொட்டாவி விட்டது. பிறகு, நான் சாக்பீஸில் வரைந்த அதே சுருளாக என் முழங்காலுக்கு முன்னால் படுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரையிலிருந்து அம்மா கையசைத்தார். அண்ணன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஏரியின் நடுவில் கருவேல மரங்கள் பாதி மூழ்கி நின்றன, அவற்றின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். படகு போகிற சுவடே இல்லாமல் போனது. சிவப்பைத் தேர்ந்தெடுத்த என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கரையோரமாகவே ஒரு வட்டம் அடித்துத் திரும்பும்போது, கொக்குகள் மொத்தமாக எழும்பின. பார்ப்பதற்காகத் துடுப்பை மடியில் வைத்தேன்.

நாய் எழுந்து நின்றது. உடம்பை ஒரு உதறு உதறியது. பிறகு என் பக்கம் திரும்பி, வாலை ஆட்டி, என் முகத்தைப் பார்த்தது. பயமோ பதற்றமோ துளிகூட இல்லை அந்த முகத்தில். எதையோ எதிர்பார்க்கிற, அது நிச்சயம் கிடைக்கும் என்று நம்புகிற முகம்.

படகு அதன் கீழிருந்து உருண்டது.

தண்ணீருக்குள் விழுந்த என் கால் தரையில் பட்டது. நான் நின்றுவிட்டேன். நாய் எங்கேயும் இல்லை. கவிழ்ந்த சிவப்பு அடிப்பாகம் மட்டும் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயிருந்து குரைப்புக் கேட்டது. குடத்துக்குள் கத்துகிற மாதிரி, பக்கத்திலேயே, ஆனால் எட்டாத தூரத்தில். விளிம்பைத் தூக்கினேன், வழுக்கியது. மறுபடி தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவியபோது அம்மா தைத்த கைப்பிடி கையில் மாட்டியது. இழுத்தேன். வந்தது. அண்ணன் அதற்குள் உடையோடு இறங்கி ஓடி வந்திருந்தான். நாயை அவனிடம் கொடுத்தேன். என்னிடமிருந்து அவனிடம் போகும்போது அது அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டது. திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணும் இல்லமா, விடு. தண்ணி குடிச்சிருக்குது, அவ்ளோதான்" என்றான் அண்ணன். புளிசாதத்தை யாரும் பிரிக்கவில்லை.

நீந்திப் போய் மிதவையில் ஏறிய நாய் அது. மழை பெய்தால் தெருவில் தேங்கிய தண்ணீரில் புரள்கிற நாய். அந்த அமாவாசைக்குப் பிறகு வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஸ்கூட்டரை எடுத்தால் ஏற மறுத்தது. வீட்டுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்த சிவப்புப் படகைக் கண்டால் நின்று, மூக்கை நீட்டி, பின்வாங்கிப் போயிற்று. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்கும் அது தெரிந்ததுதான்.

அண்ணன் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. கேமராவைத் தூக்கிப் போட்டபோதும், தேனீப்பெட்டி காலியானபோதும் நஷ்டம் என்னோடு போயிற்று. இந்த முறை என் ஆசைக்கான விலையை ஒரு வாயில்லா ஜீவன் கொடுத்திருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, நாய் வழக்கமான இடத்தில் சுருண்டு கிடந்தது. பாவில் ஒரு இழை அறுந்தது. அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு, குனிந்து, முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

நாய் எழுந்து நின்றது. உதறியது. திரும்பி, வாலை ஆட்டி, அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"இருடா சாமி, டீக்கு இன்னும் நேரம் இருக்குது. இழை அறுந்துக்கிச்சு, அதான்" என்றார் அம்மா, தலையைத் தூக்காமலே. இழையை முடிந்துவிட்டு மறுபடி மிதித்தார். டக், டக். நாய் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

என் கை கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது.

"அம்மா, அது எப்பவும் இப்படித்தான் பண்ணுமா?"

"எப்படி?"

"தறி நின்னா எழுந்திருக்குமா?"

"பின்ன? தறி நின்னா டீ, டீன்னா பொறை. குட்டியா வந்ததுலேர்ந்து அதான பழக்கம். நீ இதே ரூம்ல குந்திக்கினு இருக்கிற, பாத்ததில்ல?"

பார்த்ததில்லையா? தினமும் பார்த்திருக்கிறேன். அம்மா தறியை நிறுத்திவிட்டு, டீயில் பொறை ரொட்டியை முக்கி, அதன் வாயருகே நீட்டுவதை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து அது என் கண்ணில் படாமலே போய்விட்டது. சத்தத்தில் தூங்குகிற நாய் என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னேன். சத்தம் நின்றால் என்ன செய்யும் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. நான் துடுப்பை மடியில் வைத்த அந்த நொடியில் அது கேட்டது ஒரு பொறை. நான் கொடுத்தது தலைமேல் கவிழ்ந்த இருட்டு.

அன்று அமாவாசையாக இல்லாமல் வேறு நாளாக இருந்தால், காலையில் தறி ஓடி, டீ வந்து, பொறை கிடைத்துத் திருப்தியாகவாவது வந்திருக்கும். அன்று அது ஒன்றுமே சாப்பிடவில்லை. தறிக்கும் எனக்கும் நடுவில் நடந்து நடந்து அது தேடியது அதைத்தான். எல்லாம் இப்போது புரிகிறது. தரையின் சொரசொரப்பில் சாக்பீஸ் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது, அம்மா எவ்வளவு துடைத்தும் போகவில்லை. எவ்வளவு சின்னக் கோடு அது!

பச்சைப் படகு இன்னும் விற்காமல் கிடக்கிறது என்று விற்பவருக்குப் போன் செய்து தெரிந்துகொண்டேன். சிவப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. இதற்குள் ஏரி இறங்க ஆரம்பித்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் போகிறது, மூழ்கி நின்ற கருவேல மரங்களின் அடி தெரிகிறது. திருமுக்கூடலில் மறுபடி மணல். இந்த வருஷத் தண்ணீரை நான் அவசரத்தில் செலவழித்துவிட்டேன். அடுத்த மழை வரை ஏரி எங்களுக்குக் கிடையாது. நாய்க்கு அடுத்த மழையில் இதே கால்கள் இருக்கும், இதே ஆசை இருக்குமா என்று தெரியாது.

நேற்று அண்ணனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான்.

"அண்ணா, இன்னொரு வாட்டி சென்னைக்கு..."

"எருமை குளிப்பாட்டறதுக்கா?" என்றான்.

பல நாள் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாளைக் காலையில் பச்சைப் படகு வருகிறது. ஏரிக்குப் போகாது. நேராகத் தறி அறைக்குள், என் மேஜையை நகர்த்திவிட்டு, அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம். இன்று சிவப்பு அண்ணன் வண்டியில் கிளம்புவதற்கு முன் நாயை இன்னொரு முறை அளந்தேன், இந்த முறை அது எழுந்து நின்று, உதறி, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றும்போது. கோடு அறையில் பாதி வந்தது. அது பச்சைக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் படகில்லாமல் கரையிலேயே உட்கார்ந்துகொள்வோம்.

அமாவாசை இல்லை நாளைக்கு. அம்மா வழக்கம்போல நெய்வார். நான் படகுக்குள் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருப்பேன், நாயைக் கூப்பிட மாட்டேன். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும், வராமலும் போகட்டும். டீ நேரத்தில் அம்மா தறியை நிறுத்துவார். அம்மாவின் வேலை அத்தோடு சரி. பொறை என் கையில் இருக்கும், டீயில் முக்கி, படகின் தரையோடு தரையாக, சத்தம் நின்றாலும் அது எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டே சாப்பிடுகிற உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பேன்.